ஐந்து முடிந்து ஆறுக்கு: கருவியோடு பள்ளி மாறும் பிள்ளைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் முதல் வாரம். ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த ஒரு பையன். இரண்டு காதிலும் மிஷின், பையில் டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மைக். அதை மாட்டியவர் பேசுவது நேராக அவன் மிஷினில் கேட்கும். முதல் பீரியட் தமிழ் ஐயா ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டார், நன்றாகப் பாடம் நடத்தினார், மணி அடித்ததும் மைக்கோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார். ஸ்டாஃப் ரூம் அடுத்த அறைதான். அதனால் கணக்கு டீச்சர் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசிய நாற்பது நிமிடமும் பையன் காதில் விழுந்தது பக்கத்து அறையில் டீ கிளாஸ் வைக்கிற சத்தமும் பெரியவர்கள் பேச்சும்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய பள்ளியில் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான். நான் போய்க் கண்டுபிடித்தபோது மூன்று வாரம் ஓடியிருந்தது.

தமிழ் ஐயா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பழைய பள்ளியில் ஒரே டீச்சர், காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். இங்கே ஒரு நாளைக்கு ஏழெட்டு பீரியட், ஆறேழு ஆசிரியர்கள். கருவி பையில் வந்து சேர்ந்துவிட்டது. அதை எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது, பிள்ளை முகத்தைப் பார்த்தே கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் பழைய டீச்சர் ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டது. அது மட்டும் கூட வரவில்லை.

வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். பள்ளி மாறும்போது எதெது நழுவுகிறது என்று வருஷா வருஷம் பார்த்து, அதைப் பிடிக்க நாங்கள் செய்கிறதை இங்கே எழுதுகிறேன். ஐந்திலிருந்து ஆறுக்குப் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளையை மனதில் வைத்து எழுதினாலும், எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிறவர்களுக்கும் அப்பாவின் வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

படி 1: ஜனவரியிலேயே புதுப் பள்ளியைப் போய்ப் பாருங்கள்

ஏப்ரலில் தேர்வு முடிந்து, மே மாதம் லீவு, ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தாமதமாகிவிடும். பொங்கல் லீவு முடிந்ததும் ஒரு நாள் போய்வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பள்ளி நடக்கிற நாளில், ஆறாம் வகுப்பு நடக்கிற அறையின் கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். மேலே ஃபேன் எப்படிக் கத்துகிறது, தகரக் கூரையா, ரோட்டுப் பக்க ஜன்னலா, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது கேட்கிறதா? தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் சத்தம் 6 டெசிபெல் குறையும். வகுப்பறையிலோ குரல் குறையக் குறைய ஃபேன் சத்தம் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். காது மிஷின் ஃபேனையும் சேர்த்துத்தான் பெரிதாக்கித் தரும்.

டேப்லெட்டோ லேப்டாப்போ பயன்படுத்துகிற பிள்ளை என்றால் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, அதில் கரண்ட் வருகிறதா என்று உங்கள் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சக்கர நாற்காலி என்றால் சாய்தளம் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அதில் ஒரு முறை ஏறி இறங்கி, கழிப்பறைக் கதவு வரை போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்றித் தரச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். ஜனவரியில் கேட்டால் ஒரு அறையை மாற்றுவது சுலபம், ஜூனில் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

“எங்களிடம் வசதி இல்லை, வேறு பள்ளி பாருங்கள்” என்று சொல்கிற இடமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, அரசு நடத்துகிற, அரசு உதவி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. பிரிவு 31, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. சண்டையாகப் பேச வேண்டாம். “நீங்கள் சொல்வதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், சார்” என்று அமைதியாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அந்த இடத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். மீறினால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

படி 2: கருவி யாருடையது?

இதைக் கேட்க மறந்து நான் பட்டது போதும். பேச்சு வராத ஒரு பிள்ளை, படத்தைத் தொட்டால் பேசுகிற செயலி உள்ள டேப்லெட்டில் நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டேப்லெட் பள்ளிக் கணக்கில் இருப்பதால் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், யாரோ அதை அழித்துப் புதிதாக்கிவிட்டார்கள். அவள் பாட்டி பெயர், ஆட்டுக்குட்டி பெயர், “வயிறு வலிக்குது” என்று அவளுக்காக நாங்கள் சேர்த்திருந்த படம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. ஒரு பிள்ளையின் நான்கு வருடப் பேச்சு அது. நான் முன்கூட்டியே கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அதனால் பிப்ரவரியில் தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். பிள்ளை பெயரில் வழங்கிய காது மிஷின், சக்கர நாற்காலி, காலில் மாட்டுகிற காலிப்பர் எல்லாம் பிள்ளையோடு போகும். பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிற கம்ப்யூட்டர், பிரெய்ல் எழுத்து அடிக்கிற பிரெய்லர் போன்றவை அங்கேயே நிற்கலாம். நிற்கும் என்றால் புதுப் பள்ளிக்கு ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே வட்டார வள மையத்தில் மனு கொடுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமாகத் தருவது அரசின் கடமை என்று அதே சட்டத்தின் பிரிவு 17 சொல்கிறது. மனுவில் அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உதவிக் கருவி தயாரிக்கிற மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவின் முகாம்களில் கருவி வழங்குகிற மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில், ஒரு முறை வாங்கிய கருவியை மறுபடி வாங்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் அது ஒரே வருடம். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். நாற்காலி சின்னதாகிவிட்டது, மிஷின் பழையதாகிவிட்டது என்றால் பிறந்தநாள் தாண்டுமுன் விண்ணப்பித்துவிடுங்கள்.

தாள்களைப் பொறுத்தவரை ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்று, கடைசியாக எடுத்த ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனைச் சீட்டு) அல்லது கண் பரிசோதனைச் சீட்டு, கருவியின் மாடல் எண், எங்கே சர்வீஸ் செய்வது, எல்லாவற்றிலும் இரண்டு நகல். டிசி வர தாமதமானால் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது, அதனால் டிசிக்காகக் காத்திருந்து ஜூன் முதல் வாரத்தை விட்டுவிடாதீர்கள். சேர்ந்த பிறகு எமிஸில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில், பிள்ளையின் குறைபாட்டு விவரம் சரியாக இருக்கிறதா என்று வகுப்பாசிரியரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் விட்டுப்போனால் புது வட்டாரத்துப் பட்டியலில் பிள்ளை பெயரே வராது. கருவியும் வராது, என்னைப் போன்ற பயிற்றுநரும் வரமாட்டார், சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் கொண்ட மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிற உதவித்தொகையும் வராது.

படி 3: ஒரே ஒரு பக்கம்

பத்துப் பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும். ஒரு பக்கம் எழுதி, லேமினேட் செய்து, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள் வைத்தால் தினமும் யாராவது ஒருவர் கண்ணில் படும். மார்ச் மாதம், பழைய டீச்சர் இன்னும் கையில் இருக்கும்போதே, அவரோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து எழுதுங்கள். பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கட்டும். நாங்கள் எழுதிய ஒன்று கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“எனக்கு இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. அது சத்தத்தைக் கூட்டித் தரும், ஆனால் எல்லாம் தெளிவாகக் கேட்காது. உங்கள் முகம் தெரிந்தால் எனக்குப் பாதி புரிந்துவிடும், அதனால் போர்டைப் பார்த்துப் பேசாமல் எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். இடது காது கொஞ்சம் நன்றாகக் கேட்கும், வலது பக்க ஓரத்தில், இரண்டாவது பெஞ்சில் உட்கார வையுங்கள். நான் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை, என்ன புரிந்தது என்று கேளுங்கள். டிக்டேஷன் வைக்கும்போது என் பக்கத்தில் நில்லுங்கள். விளையாட்டு பீரியடில் மிஷினைக் கழற்றி நீல டப்பாவில் வைப்பேன்.”

இரண்டாவது பெஞ்ச் ஓரம் ஏன்? முதல் பெஞ்ச் நடுவில் உட்கார்ந்தால் டீச்சர் குரல் கேட்கும், பின்னாலிருந்து பதில் சொல்கிற பிள்ளைகளின் முகம் தெரியாது. ஓரத்தில் இருந்தால் லேசாகத் திரும்பினால் முழு வகுப்பும் தெரியும். இந்த மாதிரி ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, பழைய டீச்சரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கே தெரியாமல் அவர் செய்கிற வேலைகள் நிறைய இருக்கும். ஒரு நாள் முழுக்க அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் அவை தெரியும்.

படி 4: கருவிக்குள் இருப்பதையும் தயார் செய்யுங்கள்

பேசும் செயலியில் புதுப் பள்ளிக்கான சொற்கள் இருக்காது. சென்னையில் உருவான அவாஸ் ஆகட்டும், வேறு எதுவாகட்டும், ஏப்ரலிலேயே முதலில் முழு பேக்கப் எடுத்து உங்கள் மெயிலிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் புது ஆசிரியர்களின் போட்டோ, பாடங்களின் பெயர், கேன்டீன், லேப் எல்லாம் சேருங்கள். இவற்றை விட முக்கியமாக மூன்று வாக்கியங்கள்: “எனக்குப் புரியல.” “நான் இன்னும் சொல்லி முடிக்கல, கொஞ்சம் இருங்க.” “அது எனக்குப் பிடிக்கல.” புது இடத்தில் பிள்ளைக்கு “தண்ணீர்”, “பாத்ரூம்” மட்டும் சொல்லத் தெரிந்தால் போதாது. இல்லை என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

பார்வை இல்லாத பிள்ளைக்கு வேறு ஒரு சிக்கல் காத்திருக்கிறது, அது எழுத்துரு. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் டீச்சர் வாயால் சொல்வார். பெரிய பள்ளியில் வினாத்தாள், நோட்ஸ் எல்லாம் டைப் அடித்து வரும், அதுவும் பல இடங்களில் இன்னும் பாமினி, வானவில் என்கிற பழைய எழுத்துருக்களில் வரும். கண்ணால் பார்த்தால் அழகான தமிழ். ஆனால் பாமினியில் அடித்த “தமிழ்” என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்கிற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற திரைவாசிப்பான் அதை அப்படியே உளறும், பிள்ளை தன் லேப்டாப் கெட்டுவிட்டது என்று நினைக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குப் புரியவைக்கிற யூனிகோடை தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது, பழக்கம்தான் இன்னும் மாறவில்லை. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: அந்த ஃபைலிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் பழைய எழுத்துரு. ஆசிரியரை முழுதாக மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டாம், எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நீங்களே ஒரு முறை மாற்றிக் காட்டுங்கள். ஸ்கேன் செய்து அனுப்புகிற பக்கமும் வெறும் படம்தான், அதையும் சொல்லி வையுங்கள்.

பள்ளியின் ஹைடெக் கணினி லேபில் என்விடிஏ என்கிற திரைவாசிப்பானைப் போட முடியுமா என்று கேட்பார்கள். என்விடிஏ இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும், தமிழும் படிக்கும். கணினியில் நிறுவ அனுமதி இல்லாவிட்டால் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற பிரதியை நீங்கள் தயார் செய்து கொடுக்கலாம். லினக்ஸ் என்றால் ஓர்கா. எதுவானாலும் பிள்ளை பழகிய அதே குரல், அதே வேகம் வையுங்கள். வருடக்கணக்காக ஒரு குரலைக் கேட்ட காது, வேறு குரலில் அதே பாடத்தைப் பின்தொடரத் திணறும். புத்தகங்களுக்கு 2016-ல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்கிற, பார்வை இல்லாதவர்களுக்கான இணைய நூலகத்தில் பிள்ளை பெயரில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள், மே லீவு அதற்குச் சரியான நேரம்.

படி 5: மே மாதம், பிள்ளையோடு

பதினொரு வயதில் ஒன்று நடக்கும். அதுவரை காது மிஷினை மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை திடீரென்று அதை மறைக்கப் பார்க்கும். ஒரு சின்னப் பெண், பெரிய பள்ளியில் இரட்டை ஜடை கட்டாயம் என்று கேள்விப்பட்டு, “அக்கா, நான் மட்டும் ஒத்த ஜடை போட்டுக்கலாமா?” என்று கேட்டாள். மடித்துக் கட்டிய இரட்டை ஜடையில் காது பளிச்சென்று தெரியும். அவள் அம்மா “இதுல என்ன வெட்கம்” என்று ஆரம்பித்தார்கள். நான் அவர்களைக் கொஞ்சம் நிறுத்தினேன். வெட்கப்படாதே என்று சொன்னால் வெட்கம் போகாது, நம்மிடம் சொல்வதைத்தான் பிள்ளை நிறுத்தும்.

அவளிடம் கேட்டோம், யார் எப்போது சொல்வது உனக்கு வசதி என்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு, முதல் நாளே தானே வகுப்பில் காட்டிவிடுவதாகச் சொன்னாள், நான் கூட இருக்க வேண்டும், பேசக் கூடாது என்று நிபந்தனை வைத்தாள். வேறு பிள்ளை டீச்சர் சொல்லட்டும் என்னும், வேறு பிள்ளை யாரும் சொல்ல வேண்டாம் என்னும். அந்த முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்தால் போதும்.

லீவில் தினமும் ஐந்து நிமிடம் வீட்டில் ஆசிரியர் மாதிரி நடித்துப் பழகுங்கள். நீங்கள் சுவரைப் பார்த்துப் பேசுங்கள், பிள்ளை கை தூக்கி “சார், திரும்பிச் சொல்லுங்க” என்று கேட்கட்டும். பேட்டரி மாற்றுவது, டேப்லெட்டை சார்ஜில் போடுவது, சத்தத்தைக் குறைப்பது எல்லாம் தானே செய்யப் பழகட்டும். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், காற்று உள்ளே போனால்தான் அது முழுதாக வேலை செய்யும். பேட்டரியின் அளவு எண் 13 என்றால் ஆரஞ்சு ஸ்டிக்கர், 675 என்றால் நீலம். நம்பர் மறந்தாலும் நிறம் நினைவிருக்கும். காதுக்குள் பொருந்துகிற காது அச்சு இறுக்கமா என்றும் மே மாதத்தில் பார்த்துவிடுங்கள். பிள்ளை வளர்கிறது, அச்சு வளராது, தளர்ந்தால் விசில் சத்தம் வரும், விசில் வந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

படி 6: ஜூன் முதல் வாரம்

தலைமை ஆசிரியரிடம் பதினைந்து நிமிடம் கேளுங்கள், ஆறாம் வகுப்புக்குப் போகிற எல்லா ஆசிரியர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். மைக்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து ஆன் செய்து, ஆஃப் செய்யச் சொல்லுங்கள். டேப்லெட்டில் அவர்களையே ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்கள் விரலுக்கே தெரியட்டும். கேள்வி கேட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குத் தாவாமல் காத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவே தேவைப்படாது. மாற்றுத்திறனாளிகள் பற்றிப் பொதுவாக எதுவும் பேச வேண்டாம், இந்த ஒரு பிள்ளை, இந்த ஒரு கருவி.

தினமும் காலையில் ஒரு நிமிடச் சோதனைக்கு ஒருவர் பொறுப்பு. பிரேயருக்கு முன், பிள்ளைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஆறு ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். லிங் சோதனை என்பார்கள். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சுக்கு வேண்டியது இந்த ஆறிலேயே அடங்கிவிடும். ‘ஸ்’ மட்டும் கேட்கவில்லை என்றால்கூட உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள்.

படி 7: கருவி இல்லாத நாளுக்கு

பழுதாகும், நனையும், சார்ஜ் தீரும். ஐப்பசி மழையில் இது நிச்சயம் நடக்கும். பேசும் டேப்லெட்டின் முதல் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து பையில் வையுங்கள், படங்கள் அதே இடத்தில் இருந்தால் பிள்ளையின் விரல் தானாகப் போகும். பிரெய்ல் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் எப்போதும் பையில் இருக்கட்டும், லேப்டாப் வந்துவிட்டதென்று அவற்றைக் கைவிடாதீர்கள். காது மிஷினுக்கு இரண்டு பேட்டரி வகுப்பாசிரியர் மேஜையில். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் போட்ட டப்பா வீட்டில்.

படி 8: காலாண்டுத் தேர்வு வரை விடாதீர்கள்

கருவி உண்மையில் பயன்படுகிறதா என்று பிள்ளையிடம் கேட்டால் “ம்ம்” என்றுதான் பதில் வரும். சாயங்காலம் டேப்லெட்டின் சார்ஜைப் பாருங்கள். காலையில் நூறு, சாயங்காலம் தொண்ணூற்றெட்டு என்றால் அது பையை விட்டு வெளியே வரவில்லை. பத்து நாளில் தீர்கிற காது மிஷின் பேட்டரி மூன்று வாரம் ஓடினால், பிள்ளை பள்ளியில் அணைத்து வைத்திருக்கிறது. இப்போது வருகிற பல மிஷின்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று தாமாகவே பதிந்துவைக்கின்றன, கேட்கும் திறனைப் பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்துச் சொல்வார். தெரிந்ததும் திட்டாதீர்கள். எந்தப் பீரியடில் அணைக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள், காரணம் அந்தப் பீரியடில்தான் இருக்கும்.

தேர்வுச் சலுகைகளை ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்றவை குறைபாட்டின் வகையைப் பொறுத்துக் கிடைக்கும், தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். சிபிஎஸ்இ என்றால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். ஆனால் சொல்லி எழுத வைப்பதே ஒரு தனிப் பயிற்சி. விடையை மனதில் கட்டி, வரி வரியாகச் சொல்லி, நிறுத்தி, திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பு மார்ச்சில் முதல்முறையாகச் செய்கிற பிள்ளைகள் தெரிந்த விடையையும் தவறவிடுகிறார்கள். செப்டம்பர் காலாண்டுத் தேர்விலேயே தொடங்கிவிடுங்கள்.

விடைத்தாள் வந்ததும் எல்லா ஆசிரியர்களையும் மறுபடி பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து, எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பிள்ளை முன்னாலேயே கேளுங்கள். பேனா பிள்ளை கையில் இருக்கட்டும், அடிப்பதும் சேர்ப்பதும் பிள்ளையே செய்யட்டும். மைக்கோடு ஸ்டாஃப் ரூமைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பையன் அன்றைக்கு விளையாட்டு பீரியட் வரியை அடித்துவிட்டு, கீழே சாய்ந்த கையெழுத்தில் எழுதினான்: “மணி அடித்ததும் மைக்கை என்னிடம் கொடுத்துவிடுங்கள், அடுத்த சாருக்கு நானே மாட்டிவிடுவேன்.”